புழங்காத இடத்தில் நட்ட சொல்

வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். கதை எழுதிப் பழகாத கை இது. அறிவியலைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு ஒரு மன்னிப்பும், அறியாத ஸ்பானிய மொழியைத் தொட்டதற்கு இன்னொரு மன்னிப்பும், வயதில் மூத்த ஒருவரின் சாப்பாட்டு அறைக்குள் அனுமதியின்றி நுழைவதற்கு மூன்றாவதாக ஒரு மன்னிப்பும் தொடக்கத்திலேயே கோரப்படுகின்றன. கேட்க வாய்க்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

திருப்பூர் நாச்சிமுத்து, பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தைத்து வரும் பனியனை விளக்கின் கீழ் விரித்து, ஓட்டை எங்கே, கறை எங்கே, தையல் விட்டது எங்கே என்று தேடி, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் அந்தப் பிரிவின் தொழில். குறை இருந்தால் ஸ்டிக்கர் உண்டு. குறை இல்லாத பனியனுக்கு ஒன்றும் கிடையாது. மடித்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். நல்ல பனியனைப் பார்த்து ‘நீ நன்றாக இருக்கிறாய்’ என்று சொன்ன செக்கர் ஒருவர்கூட அவ்வூரில் இருந்ததில்லை.

நாச்சிமுத்து அந்த வழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சோறு குழைந்தால் சொல்வார். உப்புக் குறைந்தால் சொல்வார். ஒன்றுமே சொல்லாமல் எழுந்து கைகழுவினால், அன்றைய சமையல் பிரமாதம் என்று அவருடைய மனைவி துளசிமணி தாமாகவே ஊகித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான நாள்முதல் அந்த அம்மாள் ஊகித்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்த ஏற்பாட்டுக்கு வினை, கடல்கடந்து வந்தது. அவர்களுடைய ஒரே மகள் மேகலா, வேலைக்காகப் பெரு நாட்டின் லிமா நகருக்குப் போய், அங்கேயே ரென்சோ என்னும் நல்ல பையனைக் காதலித்து மணந்துகொண்டாள். கல்யாணத்துக்குத் திருப்பூர் வந்த ரென்சோவின் தாயார் நெலிதா, சம்பந்தி வீட்டுச் சமையலறையைக் கேட்டு வாங்கி, மஞ்சள் மிளகாயும் பாலும் சேர்த்து ஒரு கோழிக் குழம்பு வைத்துத் தம் கையாலேயே பரிமாறினார். நாச்சிமுத்து இரண்டு தட்டு சாப்பிட்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்தார், கைகழுவினார், செய்தி பார்க்கப் போய்விட்டார். நெலிதா அம்மையார் கரண்டியும் கையுமாக நின்ற கோலத்தைத் துளசிமணியால் நெடுநாள் மறக்க முடியவில்லை. மறுநாள் காலை சம்பந்தியம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. கொசு கடித்துவிட்டதாகச் சொன்னாராம்.

இப்போது பேத்திக்குக் காதுகுத்து. தை மாதம் எல்லோரும் வருகிறார்கள். மேகலா போனில் கறாராகப் பேசினாள்.

“அப்பா, அத்தை மறுக்காவும் சமைக்கறேங்கறாங்க. போன தடவையாட்ட உம்முனு எந்திரிச்சுப் போனீங்கன்னா, அப்பறம் எங்களை யாரும் அங்க எதிர்பார்க்க வேண்டாம்.”

“ஏங் கண்ணு, நான் என்ன கொறையா சொன்னேன்? ரெண்டு தட்டு தின்னனே!”

“ஒண்ணுமே சொல்லலையேப்பா. அங்க மொத வாய் வெச்சதும் ‘கே ரிக்கோ’ன்னு சொல்லோணும். சொல்லலீன்னா வாயில வெச்சதைத் துப்புன மாதிரி.”

“அதென்ன ரிக்கோ?”

“எவ்வளவு ருசின்னு அர்த்தம். தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஒரே வார்த்தை.”

ஒரே வார்த்தைதான். ஆயினும், கண்ணாடி முன் நின்று “கே...” என்று தொடங்கும்போதே நாச்சிமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில், அவிநாசி சாலையில் இருந்த ‘சொல் நாற்றங்கால்’ என்ற நிலையத்துக்குப் போவதென்று முடிவு செய்தார். ஏற்றுமதிக்காரர்கள் வேற்றுமொழிகளைத் தலையில் நட்டுக்கொண்டு வரும் இடம் அது. காலையில் பிரெஞ்சு தெரியாமல் உள்ளே போனவர் மத்தியானம் பிரெஞ்சில் பேரம் பேசிக்கொண்டு வெளியே வருவார்.

கிளம்பும்போது துளசிமணி செருப்பை எடுத்துவைத்தபடி சொன்னார்: “ஏனுங்க, இத்தனை வருசமா ஆக்கிப் போட்ட எனக்கு ஒருக்கா சொன்னதில்லீங்க. ஒரே ஒரு வேளை சமைச்ச சம்பந்தியம்மாவுக்குச் சொல்றதுக்கு மண்டைல மிஷின் வெச்சுக்கப் போறீங்களாக்கும்.”

“உனக்கு என்னத்துக்குச் சொல்றது? உனக்குத் தெரியாதா?”

“தெரியுமுங்க. காதுல கேட்டதில்ல, அவ்வளவுதான்.”

நாச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

நிலையத்தில் ரெஜினா என்னும் இளம்பெண் அவரை உட்காரவைத்தாள். காலை உணவு உண்ண நேரமில்லாத பெண் என்பது, மேசை மேல் இருந்த பிஸ்கட் பொட்டலத்திலிருந்து தெரிந்தது.

“முழு மொழியும் வேண்டாமுங்களா சார்?”

“சம்பந்தியம்மாகிட்ட நான் என்ன அரசியலா பேசப்போறேன்? ரிக்கோன்னு ஒரு வார்த்தை. அது போதும்மா.”

“ஐயோ, பெயரடைங்களா?” என்று ரெஜினா உதட்டைக் கடித்தாள். “மேசை, நாற்காலின்னா சுலபம் சார். நட்ட எடத்துல பேசாமக் கெடக்கும். இது அப்படியில்லை. எதைப் பார்த்துச் சொல்லோணும், எப்பச் சொல்லோணும், எந்த மூஞ்சியோட சொல்லோணும்னு பழக்கத்தையும் சேர்த்து நடோணும். அப்பறம் நாக்கு தானாவே சொல்லிரும். நீங்க புடிச்சு நிறுத்த முடியாது.”

“பிடிக்காட்டியும் சொல்லிருமா?”

“சொல்லாதுங்க. யாராச்சும் மனசாரச் சொன்னதைப் பதிவு பண்ணித்தான் விதையே செய்யறோம். உங்க மனசுல இல்லீன்னா முளைக்காது.”

“எந்த எடத்துல நடுவீங்க?”

“மூளையில் ரொம்ப நாளாப் புழங்காத எடம் எதுன்னு மிஷினே பார்த்துக்கும். அங்க முன்னாடியே ஏதாச்சும் இருந்தா அது போயிரும். பயப்படாதீங்க சார், புழங்காததுதானே? போனதே தெரியாது.”

நாச்சிமுத்து தம் தலைக்குள் புழங்காமல் கிடப்பது எதுவாக இருக்கும் என்று யோசித்தார். பள்ளியில் படித்த அல்ஜீப்ராதான் என்று தீர்மானித்து, நிம்மதியாகத் தலையை நீட்டினார். ரெஜினா ஒரு தொப்பியைக் கவிழ்த்தாள். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, முடிந்துவிட்டது.

பிறகு திரையில் படங்கள் வந்தன. பழுத்த மாம்பழம். “ரிக்கோ!” என்றது நாக்கு. காரில் சாய்ந்து நின்ற தொப்பைக்காரர் ஒருவர். “ரிக்கோ!” நெல் விளையும் கறுத்த மண். அதற்கும் அதுவே. பொக்கைவாய்ச் சிரிப்புடன் ஒரு குழந்தை. அதற்கும்.

“ஏம்மா, இதென்ன அநியாயம்? மாம்பழமும் பணக்காரனும் ஒண்ணா?”

“நெறைஞ்சிருக்கறது எல்லாம் அவங்களுக்கு ரிக்கோ சார். ருசி நெறைஞ்சது, காசு நெறைஞ்சது, சத்து நெறைஞ்சது. கொழந்தைன்னா கொஞ்சல் நெறைஞ்சது. பொண்ணா இருந்தா ரிக்கா.”

“எங்க ஊர்ப் பணக்காரனைக் கடிச்சுப் பார்த்திருந்தா இப்படிச் சொல்லமாட்டாங்க” என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து வீடு திரும்பினார்.

மறுநாள் காலை துளசிமணி காபியை நீட்டினார். ஒரு மிடறு உள்ளே போயிற்று. “கே ரிக்கோ!” என்று வீடு அதிரக் குரல் எழுந்தது. கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. வலக்கை விரல்கள் குவிந்து உதட்டருகே போய் முத்தமிட்டுத் திரும்பின. துளசிமணியின் கையிலிருந்த டபரா கீழே விழுந்து உருண்டு அலமாரியின் அடியில் போய் நின்றது.

“என்னங்க ஆச்சு? சுட்டுருச்சுங்களா?”

“இல்ல புள்ளே. அதுதான் அந்த வார்த்தை.”

அதன்பிறகு அந்த வார்த்தை அவரை ஆட்டிவைத்தது. டீக்கடையில் பஜ்ஜியைக் கடித்து அவர் கூவியதைக் கேட்டு, மாஸ்டர் அடுத்த பஜ்ஜியைத் தர யோசித்தார். மில் முதலாளியின் கார் கடந்தபோது, “ரிக்கோ!” என்று தெருவே கேட்கக் கத்திவிட்டார், முதலாளி கண்ணாடியை இறக்கி, “எவன்டா திட்டறது?” என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய சக ஊழியர் ஒருவரின் கருமாதி விருந்தில், சொந்தபந்தங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில், கத்தரிக்காய்க் குழம்பு அவருடைய வாய்க்குள் போயிற்று. துண்டை வாயில் அடைத்துக்கொண்டும் பயனில்லை. விரல்கள் குவிந்து முத்தமும் கொடுத்துவிட்டன.

பக்கத்து இலையில் இருந்த சிநேகிதர் சென்னியப்பன் அவரைக் கொல்லைப்புறம் தள்ளிக்கொண்டு போனார். “மாப்ளே, செத்தவன் வீட்டுல முத்தம் குடுக்கறியே, உனக்கு மந்திரிக்கோணும்!”

“மந்திரிக்கறது இருக்கட்டும். கொழம்பு நெசமாலுமே நல்...” என்று நாச்சிமுத்து தொடங்கினார். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் குடித்தார்.

வீட்டிலே துளசிமணி முதலில் மிரண்டார், பிறகு பழகினார், பிறகு அந்தக் கூச்சலுக்காகக் கதவோரம் நின்று காத்திருக்கத் தொடங்கினார். ஆனாலும் அவர் ஒரு செக்கரின் மனைவி அல்லவா? சோதிக்காமல் எதையும் ஏற்றுக்கொள்பவர் அல்லர். ஒருநாள் உப்பே போடாமல் உப்புமா கிளறி வைத்தார். நாச்சிமுத்து வாயில் வைத்தார். கண்கள் மூடவில்லை. விரல்கள் குவியவில்லை.

“உப்பு எங்கே?”

துளசிமணி சிரித்தார். கண் நிறைந்துவிட்டது. “அப்ப மத்த நாளு சொன்னதெல்லாம் நெசந்தானுங்க!”

“பின்னே பொய்யா?”

“அப்படீன்னா, அதை ஒருக்கா தமிழ்ல சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி. மிஷின் சொல்ல வேண்டாம், நீங்க சொல்லுங்க.” பதில் வருமுன் உள்ளே ஓடி, காலையில் வைத்த அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றி எடுத்து வந்தார்.

சாப்பிட்டார். நாக்கு ஸ்பானியத்தில் கூவி முடித்தது. அடுத்து, தமிழில் சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல வேண்டும் என்ற ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. சொல் இல்லை. பழகிய மாடிப்படியில் ஒரு படியை யாரோ எடுத்துவிட்டதுபோல் நாக்கு கால்தவறி நின்றது. துளசிமணி காத்திருந்தார். சோறு ஆறியது.

“இருக்கட்டுமுங்க” என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே நாச்சிமுத்து ரெஜினாவின் முன் போய் நின்றார். அவள் தொப்பியைக் கவிழ்த்துத் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. ரிக்கோவை நட்ட எடத்துல முன்னாடி தமிழ்ச் சொல் ஒண்ணு இருந்திருக்கு. சாப்பாட்டைப் புகழற சொல்.”

“அதையேன் எடுத்தீங்க? அல்ஜீப்ரா இல்லையா?”

“அல்ஜீப்ராவை நீங்க ரேசன் கடை வரிசையில் நிக்கறப்பகூடப் போட்டுப் பார்த்திருக்கீங்க சார். இந்தச் சொல்லைத்தான் ஒருதடவைகூடத் தொட்டதில்லை. பொட்டலம் பிரிக்காமயே இருந்திருக்கு.”

“சரி, ரிக்கோவைப் பிடுங்கிட்டா?”

“எடம்தான் காலியாகும். போனது வராது. தமிழ்ச் சொல்லைப் புதுசா நடலாம், ஆனா விதை இல்லைங்களே. இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டு வந்ததில்லை. யாராச்சும் ஒரு ஆம்பளை, பொண்டாட்டி சமையலை மனசாரப் புகழறதைப் பதிவு பண்ணிக் குடுங்க. செஞ்சு தர்றேன். மனசாரச் சொன்னாக் கருவியில பச்சை எரியும், இல்லீன்னா சிவப்பு.”

ரெஜினா கொடுத்த பதிவுக் கருவியுடன் நாச்சிமுத்து திருப்பூர் முழுக்க அலைந்தார். சென்னியப்பன் பெருந்தன்மையோடு முன்வந்து, மனைவி முன் உட்கார்ந்து, “பேஷ், பேஷ், ரொம்ப நல்லா இருக்குது” என்றார். கருவி சிவப்பு விளக்கைக் காட்டியது. இன்னும் உரக்கச் சொன்னார். சிவப்பு. சத்தியம் செய்து சொன்னார். அதற்கும் சிவப்பு. அவருடைய மனைவி கருவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுக்காச்சும் தெரியுதே” என்று உள்ளே போனார். அன்று சென்னியப்பன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மற்ற சிநேகிதர்கள் அதைக் கேள்விப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெறுங்கையோடு நிலையத்துக்குப் போனபோது துளசிமணியும் கூடவே வந்தார். எங்கே போனாலும் தூக்குப்போசியில் ஏதாவது எடுத்துப்போவது அந்த அம்மாளின் வழக்கம். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த ரெஜினாவைக் கண்டதும் மனம் பொறுக்கவில்லை. “என்ன சாமி, இதையா திங்கறது?” என்று போசியைத் திறந்து நீட்டினார். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், ஓரத்தில் ஊறுகாய். ரெஜினா ஒரு வாய் எடுத்து வைத்தாள். வேலை, மரியாதை எல்லாம் மறந்து முகம் மலர்ந்தது.

“ஐயோ, ரொம்ப நல்லா இருக்குங்கம்மா!”

மேசை மேல் திறந்தபடி கிடந்த கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

மூவரும் அதையே பார்த்தார்கள். ரெஜினாதான் முதலில் பேசினாள். “விதை கெடைச்சிருச்சு சார். ஆனா இதை நட்டா இன்னொரு எடம் போகும். எதுன்னு போனப்பறம்தான் தெரியும்.”

“வேண்டாமுங்க” என்றார் துளசிமணி. “இருக்கறதும் போயிரப் போவுது. எனக்கு அந்த ரிக்கோவே போதும்.”

நாச்சிமுத்து தொப்பியை எடுத்துத் தாமே கவிழ்த்துக்கொண்டார். “புது விதை சார், முளைக்கக் கொஞ்ச நாளாகும். இந்தம்மா கைச்சமையலுக்குத்தான் வரும்” என்றாள் ரெஜினா.

காதுகுத்து நாள் வந்தது. முறைப்படி, மாமன் முறையான ஒருவர் மடியில் உட்காரவைத்துக் குழந்தைக்குக் காது குத்தி, அது வீறிட்டு அழுது ஓய்ந்தபிறகு, பந்தி விரித்தார்கள். நெலிதா அம்மையார் மஞ்சள் குழம்போடு வந்து நின்றார். ஒரு கரண்டி ஊற்றினார். நாச்சிமுத்து ஒரு வாய் உண்டார். “கே ரிக்கோ!” கண் மூடியது, விரல் குவிந்தது, முத்தம் பறந்தது. நெலிதா கரண்டியைப் போட்டுவிட்டு அவருடைய தலையைக் கட்டிக்கொண்டு அழுதார். மேகலா வீடியோ எடுத்தபடியே மூக்கை உறிஞ்சினாள்.

பின்பு நெலிதா இலை போட்டு உட்கார்ந்து, துளசிமணி பரிமாறிய அரிசிம்பருப்புச் சோற்றை வழித்து உண்டார். ஒரு வார்த்தை இல்லை. முடிவில் நிமிர்ந்து, கரகரத்த குரலில், சுத்தமான திருப்பூர்த் தமிழில், “உப்பு கொஞ்சம் கம்மி” என்றார்.

பந்தி திகைத்துப்போயிற்று. குரல் நெலிதாவுடையது; இழுப்பு அப்படியே நாச்சிமுத்துவுடையது.

“நான்தாம்ப்பா” என்றாள் மேகலா, தலையைக் குனிந்துகொண்டு. “அத்தையும் உங்களுக்காக ஒரு தமிழ்ச் சொல் நட்டுக்கறேன்னாங்க. விதைக்கு, சாப்பாட்டைப் பத்தி யாராச்சும் மனசாரச் சொன்னது வேணும்னு நிலையத்துல சொன்னாங்க. எம் போன்ல, நம்ம வீட்டுல எடுத்த வீடியோவுல நீங்க சொன்ன அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

துளசிமணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உப்பும் உண்மையிலேயே குறைவுதான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் நாச்சிமுத்து மனைவியின் குழம்பில் கைவைத்தார். ஒரு வாய். ரிக்கோ வந்தது. அதன் பின்னாலேயே, பசித்த இளம்பெண்ணின் துள்ளலோடு, “ஐயோ, ரொம்ப நல்லா இருக்குங்கம்மா!” என்ற தமிழும் வந்தது.

கட்டிய மனைவியை அவர் அம்மா என்று விளித்ததைக் கேட்டுச் சென்னியப்பனுக்குப் புரையேறியது. துளசிமணிக்கு அது எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். பரிமாறிக்கொண்டிருந்த கையை முகத்துக்குக் கொண்டுபோய் மூடிக்கொண்டார்.

அதைக் கண்ட பூரிப்பில் நாச்சிமுத்து இன்னும் கொஞ்சம் கேட்கக் கையை வீசினார். குழம்பு வாளி தட்டிக் கவிழ்ந்தது. துளசிமணியின் பச்சைப் பட்டுப்புடவை, இடுப்பிலிருந்து கரை வரைக்கும் குழம்பில் நனைந்தது.

நாச்சிமுத்து எழுந்தார். வாயைத் திறந்தார். நெஞ்சு நிறைய இருந்தது. நாக்கில் ஒன்றும் இல்லை. மறுபடி திறந்தார். மாடிப்படியில் இன்னொரு படியும் இல்லை. பந்தி முழுதும் அவரையே பார்த்தது. யாருக்கும் விளங்குமுன் துளசிமணிக்கு விளங்கிவிட்டது.

“ஓ, இந்தத் தடவை அதுவா போச்சு?” என்று முந்தானையைப் பிழிந்தபடி கேட்டார். “விடுங்க. இருந்தப்ப மட்டும் எப்பச் சொன்னீங்க?”

நாச்சிமுத்து வீட்டுக்குள் போனார். பழைய பெட்டி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மனைவியின் முன் நின்றார். கையில், கம்பெனியிலிருந்து வரும்போது மிஞ்சிய சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள். துளசிமணி தம் புடவைக் கறையை நீட்டிக் காட்டினார். அவர் தலையசைத்து மறுத்தார். ஒரு ஸ்டிக்கரை உரித்து, தம்முடைய வெள்ளைச் சட்டையின் நெஞ்சில், அம்பு மேல்நோக்கித் தம் முகத்தைக் காட்டும்படி ஒட்டிக்கொண்டார்.

துளசிமணி கிட்டே வந்தார். பிறகு, அதன் ஓரம் எழும்பியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, நன்றாக ஒட்டிவிட்டார்.

இவ்விஷயத்தில் இழந்தவை பின்வருமாறு. நாச்சிமுத்துவிடமிருந்து, மனைவியின் சமையலைப் புகழ அவருக்கென்று இருந்த சொந்தத் தமிழ்ச் சொல், ஒருமுறையும் புழங்கியதன்று. அவரிடமிருந்தே, மன்னிப்புக் கேட்கும் சொல், அதுவும் புழங்கியதன்று. நெலிதா அம்மையாரிடமிருந்து ஏதோ ஒன்று. எதுவென்று இன்னும் தெரியவில்லை. துளசிமணி அம்மாளிடமிருந்து ஒரு பச்சைப் பட்டுப்புடவை.

கறை போகவில்லை.